குருணை வைத்த தோள்கள்

“பழைய ஆபரேஷனே பண்ணிடுங்க மேடம்” என்றான் தணிகைவேல்.

டாக்டர் மங்கையர்க்கரசி திரையிலிருந்து கண்ணை எடுத்து அவனைப் பார்த்தாள். பதினெட்டு வருடமாகத் தோள்பட்டை ஒன்றையே பார்த்து வைத்தியம் செய்கிறவள் அவள். சின்னதாக வெட்டினால் போதாதா என்று கேட்டவர்கள் உண்டு. வெட்டாமலே முடியாதா என்று கெஞ்சியவர்களும் உண்டு. பெரிதாக வெட்டுங்கள் என்று கேட்டு வந்தவன் இவன் ஒருவன்தான்.

ஒரகடம் பக்கத்தில் ஒரு கார் தொழிற்சாலையில் அவனுக்கு வேலை. வண்டிகள் தலைக்கு மேலே தொங்கியபடி நகர்ந்து வரும். கீழே நிற்கிறவன் இரண்டு கையையும் உயர்த்தி, அடிப்பக்கத்தில் போல்ட்டு முடுக்க வேண்டும். ஒரு வண்டி போனால் அடுத்த வண்டி. ஒரு ஷிப்ட் முழுக்கக் கை தலைக்கு மேலேயே இருக்கும். முப்பத்தொன்பது வயதில் அவனுடைய வலது தோள் அறுபது வயதுத் தோளாகிவிட்டிருந்தது. தோளின் கூரை மாதிரி இருக்கும் எலும்பில் ஒரு முள் வளர்ந்து, கையை உயர்த்தும்போதெல்லாம் கீழே ஓடும் தசைநாரை உரசிக்கொண்டிருந்தது.

“இதுக்கு எதுக்குப்பா மூணு ஓட்டை போட்டு, கேமரா விட்டு? குருணை வச்சா போதும். ஊசி குத்தின மாதிரி ஒரே குத்து. மத்தியானம் எழுந்து போயிடலாம்.”

“அதான் மேடம் வேணாங்கறேன்.”

குருணைக்குக் கம்பெனி வைத்த பெயர் நீளமானது, யார் வாயிலும் நுழையாதது. நொய்யரிசி அளவில் இருந்ததால் ஜனங்கள் அதைக் குருணை என்றார்கள். தோளுக்குள் இறக்கிவிட்டால் முள்ளை நாள்தோறும் இம்மி இம்மியாகச் சுரண்டும். சுரண்டிய தூளைத் தானே கரைக்கும். வலி தலைதூக்கினால் ஒரு துளி மரப்பு மருந்தைக் கசியவிடும். நாற்பது நாளில் வேலை முடிந்ததும் தானும் கரைந்து போய்விடும். அதைச் செய்த குழுவில் இருந்த ஒரே டாக்டர் மங்கையர்க்கரசிதான். ஸ்ரீபெரும்புதூரில் அவள் நடத்திய சின்ன ஆஸ்பத்திரிக்கு வெளியூரிலிருந்தெல்லாம் டாக்டர்கள் வந்து கற்றுக்கொண்டு போனார்கள்.

“ஏன் வேணாம்? பயமா இருக்கா?”

“லீவு வேணும் மேடம்” என்றான் அவன், தரையைப் பார்த்துக்கொண்டு. “ஆறு வருசத்துக்கு முன்னாடி இந்த இடது தோளுக்கு ஆபரேஷன் பண்ணாங்க. அப்ப குருணை கிடையாது. நாப்பத்திரண்டு நாள் கையக் கட்டித் தொங்க விட்டுக்கிட்டு வீட்ல இருந்தேன். என் பொண்ணு ஓவியாவுக்கு அப்ப ரெண்டு வயசு. அதுவரைக்கும் என்னப் பாத்தா வீறிட்டு அழுவா. நான் போறப்பவும் தூங்குவா, வர்றப்பவும் தூங்குவா, எப்படித் தெரியும்? அந்த ஆறு வாரத்துலதான் என்கிட்ட ஒட்டுனா. இப்ப தோளுக்கு லீவே கிடையாதுங்கறாங்க. குருணை வச்சுக்கிட்டு அன்னிக்கே வான்னு நோட்டீஸ் போர்டுல ஒட்டிட்டாங்க.”

“ஒடம்புக்கு முடியலன்னாதான் லீவு கேக்கணும். லீவுக்காக ஒடம்ப வெட்டிக்குவாங்களா?”

“இன்னொரு விஷயமும் இருக்கு மேடம்…” என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். வெளியே இன்னும் பதினான்கு பேர் காத்திருந்தார்கள். அவளும் என்னவென்று கேட்கவில்லை.

“கம்மியா வெட்டி சரியாகற இடத்துல கூட வெட்டக் கூடாது. அது எங்க தர்மம்பா.”

“தர்மம்னா சரிங்க மேடம்” என்று சட்டைப் பொத்தானைக் கழற்றினான் தணிகைவேல்.

பதினோரு நிமிடத்தில் வேலை முடிந்தது. ஒரு பிளாஸ்திரி. அன்று மாலை ஷிப்டுக்கு அவன் போய்விட்டான்.

ஐந்து மாதம் கழித்து அவன் திரும்பி வந்தபோது, வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக் குழந்தையைத் தூக்கி வருவதுபோல் தூக்கிக்கொண்டு வந்தான். “கைய ஒசத்து” என்றாள் அவள். முகம் சுருங்கியது, தோள் காதுவரை ஏறியது, கை மட்டும் இடுப்பை விட்டு நகரவில்லை. ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். தசைநார் முழுதாக அறுந்து, அறுந்த நுனி உள்ளே வெகுதூரம் இழுத்துக்கொண்டு போயிருந்தது.

“வலிக்கலையாப்பா? இவ்வளவு ஆகற வரைக்கும் என்ன பண்ணிக்கிட்டிருந்த?”

“மொத ரெண்டு மாசம் ஒண்ணுமே தெரியல மேடம். ரொம்ப நல்லா இருந்துச்சு. அப்புறம் ஒரு நாள் போல்ட்டு முடுக்கறப்ப உள்ளார ‘பட்’டுன்னு ஒரு சத்தம். பக்கத்துல நின்னவனுக்கே கேட்டுச்சு. அதுக்கப்புறமும் இடது கையில தாங்கிப் புடிச்சு ஓட்டிட்டேன்.”

அவனை வார்டில் சேர்த்துவிட்டு அறைக்கு வந்தபோது பெனாசிர் காத்திருந்தாள். அங்கே எட்டு வருடமாகப் பிசியோதெரபி செய்கிறவள். சுருக்கமாகப் பேசுவாள், சுற்றி வளைக்க மாட்டாள். கையில் ஒரு டேப்லெட் வைத்திருந்தாள்.

“குருணை உள்ள இருக்கறப்ப கை எத்தன தடவ தலைக்கு மேல போகுதுன்னு கணக்கு அனுப்பும்ல மேடம், அத நாம யாரும் தெறந்தே பாக்கறதில்ல. இன்னிக்குத் தெறந்தேன்” என்றாள். “தணிகைவேல் வச்ச அன்னிக்கு ஆயிரத்து எழுநூறு. மூணாம் நாள் ரெண்டாயிரத்து முந்நூறு. இருபதாம் நாள் மூவாயிரத்து நானூறு.”

“எப்படி ரெண்டு மடங்கு ஆகும்?”

“வலி இல்லையே. அதுவரைக்கும் அந்த வலிதான் அவர அப்பப்ப நிறுத்தி மூச்சு விட வச்சிருக்கு. லைனோட வேகத்தையும் ஏத்திட்டாங்களாம். யாருக்கும் தோள்வலி இல்லையே, ஏத்தினா என்னன்னு.” பெனாசிர் டேப்லெட்டை மேசைமேல் வைத்தாள். “இவர் ஒருத்தர் இல்ல மேடம். அந்த ஒரு லைன்ல நாம குருணை வச்சவங்கள்ல இருபத்திமூணு பேருக்கு நார் கிழிஞ்சிருக்கு. வேற வேற ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காங்க, அதனால நமக்குத் தெரியல.”

மங்கையர்க்கரசி டேப்லெட்டைத் தன் பக்கம் திருப்பி அந்த எண்களைப் பார்த்தாள்.

“நான் இங்க சேந்த புதுசுல குருணையோட பேப்பர் ஒண்ணு குடுத்தீங்க, படிக்கச் சொல்லி. அதுல ‘அன்றே இலேசான பணிக்குத் திரும்பலாம்’னு இருந்த ஞாபகம். இப்ப இருக்கற பேப்பர்ல ‘அன்றே பணிக்குத் திரும்பலாம்’னு மட்டும்தான் இருக்கு. எனக்குத்தான் தப்பா ஞாபகமா மேடம்?”

“இல்ல” என்றாள் மங்கையர்க்கரசி. “நான்தான் அந்த வார்த்தைய அடிச்சேன்.”

நான்கு வருடத்துக்கு முந்தைய ஒரு மத்தியானம் அது. குருணைக் கம்பெனியிலிருந்து ரகுநந்தன் என்ற அதிகாரி வந்திருந்தான். இதே மேசைக்கு எதிரே உட்கார்ந்து, இதே ஆஸ்பத்திரி டீயைக் குடித்துக்கொண்டே, “ஒரே ஒரு வார்த்தை மேடம்” என்றான். “இலேசான பணின்னா என்னன்னு எங்கயும் விளக்கம் இல்லையாம். தற்காலிக அனுமதியிலதான் இப்ப விக்கறோம், முழு ஒப்புதல் இதனால இழுத்துக்கிட்டே போகுது. உங்க சோதனையில யாருக்காவது பிரச்சினை வந்துச்சா?”

வரவில்லை. சோதனைக்கு வந்த அறுபது பேரில் பள்ளிக்கூட டீச்சர்கள் இருந்தார்கள், வங்கி குமாஸ்தாக்கள் இருந்தார்கள், வீட்டோடு இருக்கும் பெண்கள் இருந்தார்கள். தலைக்கு மேல் கை உயர்த்திப் பிழைக்கிறவர் ஒருவர்கூட இல்லை. ரகுநந்தனுக்கு அது தெரியாமல் இருந்திருக்கலாம். அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் பேனாவை எடுத்தாள். ஒன்பது வருட உழைப்பு ஒரு வார்த்தைக்காகக் கிடப்பில் கிடக்க வேண்டுமா என்று அப்போது தோன்றியது. அடித்த பிறகு அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டாள், நன்றாகத் தூங்கினாள். இப்போது நினைத்தால் அதுதான் கூசியது.

மறுநாள் காலை தணிகைவேலுக்கு ஆபரேஷன். மூன்று துளை, ஒன்றில் கேமரா, பழைய முறைதான். அவன் கேட்டது கடைசியில் அவனுக்குக் கிடைத்தது.

திரையில் முதலில் தெரிந்தது எலும்பு. முள் இருந்த இடம் சுத்தமாக வழித்து, கூழாங்கல் போல் வழுவழுவென்று இருந்தது. அவள் எத்தனை வருடம் உளி வைத்துச் செதுக்கினாலும் அப்படி ஒரு நேர்த்தி வந்திருக்காது. குருணை தன் வேலையை ஒரு குறையும் இல்லாமல் செய்திருந்தது. அந்த அழகான கூரைக்குக் கீழே காப்பாற்ற வேண்டிய நார்தான் இல்லை. நைந்துபோன வேட்டிக் கரைபோலக் கொஞ்சம் இழை மிச்சமிருந்தது. ஊசி கோத்து இழுத்தால் நூல் இழையைக் கிழித்துக்கொண்டு கையோடு வந்தது. மூன்று முறை முயன்றாள். நாலாவது முறை பாதி நார் எலும்பில் பிடித்தது.

“இதுக்கு மேல வேணாம் மேடம்” என்றார் மயக்க மருந்து டாக்டர்.

மூடிவிட்டு வெளியே வந்து கை கழுவும்போது அவளுக்கு ஒன்று புரிந்தது. இத்தனை வருடம் தோளைச் செதுக்கிச் சரிசெய்தோம் என்று பெருமைப்பட்டாளே, அதில் பாதிதான் செதுக்கல். மீதிப் பாதி, அதற்குப் பிறகு அந்த ஆள் கையைக் கட்டிக்கொண்டு ஆறு வாரம் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தது. அந்தச் சும்மா இருத்தலை வீண் என்று நினைத்து வழித்து எறிந்தது அவள்தான்.

மூன்றாம் நாள் வார்டில் அவன் கட்டிலருகே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். அவன் மனைவி நிரோஷா காப்பி வாங்கக் கீழே போயிருந்தாள்.

“தணிகைவேல், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். கேட்டுட்டு நீ என்ன வேணாலும் சொல்லு” என்று தொடங்கி, அறுபது பேர் சோதனை, ரகுநந்தன், அடித்த வார்த்தை எல்லாவற்றையும் சொன்னாள். “நீ கேட்டப்ப பழைய ஆபரேஷன் பண்ணியிருந்தா இந்தக் கை உனக்கு இருந்திருக்கும். நான் தர்மம் பேசினேன்.”

அவன் திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. அவனோ ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“அந்த வார்த்த எனக்குத் தெரியும் மேடம்.”

“என்ன தெரியும்?”

“லேசான வேலைன்னு இருந்தது. ஆரம்பத்துல குருணை வச்சுக்கிட்டவங்கள அத காட்டித்தான் லைன்ல இருந்து எடுத்தாங்க. கேட்டுல டோக்கன் குடு, கேன்டீன்ல தட்டு அடுக்குன்னாங்க. மூணு மாசம் கழிச்சு, இந்த வேலைக்கு ஆள் வேணாம்னு ஒப்பந்தத்த முடிச்சுட்டாங்க. ஒம்பது பேர் போனாங்க. பயந்துட்டோம். அந்த வார்த்த இருக்கறதாலதான வெளிய தள்றாங்க, அத எடுத்துடுங்கன்னு குருணைக் கம்பெனிக்கு ஒரு லெட்டர் எழுதி, ரெண்டு ஷிப்ட்லயும் கையெழுத்து வாங்குனோம். இருநூத்திப் பதினாலு கையெழுத்து. அலைஞ்சு வாங்குனது நான். மொதக் கையெழுத்தும் என்னுது.”

மங்கையர்க்கரசிக்கு இது புதிது. ரகுநந்தன் அந்தக் கடிதத்தைப் பற்றி மூச்சு விட்டதில்லை.

“சகாயராஜ்னு ஒருத்தன், லைன்ல எனக்குப் பக்கத்துல நின்னவன். ‘அண்ணே, வலி இல்லாம வேல செஞ்சா நல்லதா கெட்டதான்னு தெரியலயே’ன்னு யோசிச்சான். நான்தான் போடுடான்னு பேனாவக் கையில திணிச்சேன். குருணை வச்சு, எனக்கு முன்னாடியே அவனுக்குக் கிழிஞ்சிடுச்சு. இப்ப அவனால தலகூட சீவிக்க முடியல. நான் உங்ககிட்ட வந்தனே அன்னிக்கு, அதுக்கு மொத வாரம்தான் அவனப் போய்ப் பாத்துட்டு வந்தேன். உங்ககிட்ட சொல்லத்தான் வாயெடுத்தேன். லெட்டர் குடுத்த ஆளே வந்து குருணை கெட்டதுன்னா எப்படி நம்புவீங்கன்னு வெக்கமாப் போச்சு.”

நிரோஷா காப்பியோடு வந்துவிட்டாள். இரண்டு பேரும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

அந்த வாரமே அவள் மருத்துவக் கருவிகளுக்கு ஒப்புதல் தரும் குழுவுக்கு எழுதினாள். இருபத்திமூன்று பேரின் ஸ்கேன், கை உயர்த்திய எண்ணிக்கை, தான் அடித்த வார்த்தை, எல்லாவற்றையும் இணைத்தாள். ஒன்றை மட்டும் விட்டுவிட்டாள்: தொழிலாளர்களின் கடிதத்தை. ‘நீங்களே கேட்டு வாங்கிக்கொண்டதுதானே’ என்று கைகழுவக் கம்பெனிக்கு அந்த ஒரு காகிதம் போதும் என்று நினைத்தாள். பழி தன் ஒருத்தி தலையில் விழட்டும். உண்மையைச் சொன்னால், அப்படி நினைப்பதில் அவளுக்கு ஒரு ஆறுதலும் இருந்தது.

விசாரணை சென்னையில் நடந்தது. ஐந்து பேர் குழு. தலைவர் ஓய்வுபெற்ற டாக்டர், மெதுவாகப் பேசும் மனிதர். சாட்சியாகத் தணிகைவேலும் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தான்.

“வார்த்தையை நீக்கினது நீங்கதான்?”

“நான்தான் சார்.”

“தொழிலாளர்கள் தரப்புலயே ஏதோ கோரிக்கை வந்ததா கம்பெனி வக்கீல் வாய்மொழியா சொல்றார். அந்தக் காகிதம் இப்ப தேடியும் கிடைக்கலைங்கறார். உங்களுக்கு அப்படி ஏதாவது தெரியுமா?”

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. “இல்ல சார். அப்படி எதுவும் எனக்குத் தெரியாது.”

குழு எழுந்து உள்ளே போய்விட்டு அரைமணியில் வந்தது. நீக்கிய வார்த்தையை மறுபடி சேர்த்துவிடலாம் என்று கருதுவதாகவும், உணவு இடைவேளைக்குப் பிறகு முடிவு எழுதப்படும் என்றும் தலைவர் சொன்னார். மங்கையர்க்கரசிக்கு நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது போலிருந்தது.

வெளியே மரத்தடியில் தணிகைவேல் நின்றிருந்தான். அவள் பக்கத்தில் போனாள்.

“ஏன் மேடம் பொய் சொன்னீங்க?”

“உங்க யாருக்கும் கெடுதல் வரக் கூடாதுன்னுதான்.”

“லேசான வேலைன்னு திரும்பப் போட்டா என்னாகும் தெரியுமா? திரும்ப கேட்டுல டோக்கன், திரும்பக் கேன்டீன், மூணு மாசத்துல திரும்ப வெளிய. நாங்க எதுக்குப் பயந்து அந்த லெட்டர் எழுதுனோமோ அது அப்படியேதான் இருக்கு. லெட்டரே இல்லன்னுட்டா அந்தப் பயமும் இல்லன்னு ஆயிடுதில்ல? வேல குடுக்காதீங்க, ஆறு வாரம் வீட்ல வச்சு சோறு போடுங்கன்னு அவங்க எதுக்கு எழுதப் போறாங்க?” அவன் குரலை உயர்த்தவில்லை. “அன்னிக்கும் எனக்கு எது நல்லதுன்னு நீங்களே முடிவு பண்ணீங்க. இன்னிக்கும் நீங்களே.”

தன் பழியைத் தூக்கிக்கொள்கிறோம் என்று நினைத்து, அவனுடையதையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டது அப்போதுதான் உறைத்தது. பேனாவைக் கையில் திணித்ததற்குச் சகாயராஜுக்கு அவன் சொல்ல வேண்டிய பதில் அந்தப் பழியை ஒப்புக்கொள்வதில்தான் இருந்தது.

“அந்த லெட்டரோட நகல் இருக்கா?”

“எப்பவும் பையிலதான் இருக்கு.”

தோளில் குருணை வைத்தால் ஆறு வாரம் சம்பளத்தோடு ஓய்வு, அதன்பின் அதே இடத்தில் வேலை என்று உத்தரவு வர அதற்குப் பிறகு ஏழு மாதம் ஆனது. குழு முன்பு பொய் சொன்னதற்காகவும், சோதனையின் குறையை மறைத்ததற்காகவும் மங்கையர்க்கரசியின் டாக்டர் உரிமத்தை ஒரு வருடம் நிறுத்தி வைத்தார்கள். கிழிந்த இருபத்திமூன்று தோள்களில் நான்குதான் ஓரளவு தேறின. அதெல்லாம் பிற்பாடு.

அன்று மத்தியானம் நடந்தது இவ்வளவுதான். குழு வந்து உட்கார்ந்ததும் அவள் எழுந்தாள். “என் சாட்சியத்துல ஒரு திருத்தம் சார்.”

“எதுல?”

“கடைசி பதில்ல. தெரியாதுன்னு சொன்னேன். தெரியும். பொய் சொன்னேன்.”

வக்கீல் நிமிர்ந்து உட்கார்ந்தார். பின்வரிசையில் நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டது.

“அந்த லெட்டர் இது சார். மொதக் கையெழுத்து என்னுது” என்று முன்னால் வந்தான் தணிகைவேல்.

சாட்சிகள் நின்று கையெழுத்துப் போடும் உயரமான மேசைமேல் பதிவேடு விரித்திருந்தது. குமாஸ்தா பேனாவை நீட்டினார். பழக்கதோஷத்தில் அவன் வலது கையில் வாங்கிவிட்டான். கை மேசை உயரத்துக்கு வரவில்லை. ஒரு தரம் முயன்றான், இன்னொரு தரம் முயன்றான். அறையில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மங்கையர்க்கரசி ஓடிப்போய்ப் பதிவேட்டைக் கீழே இறக்கிப் பிடிக்க ஒரு அடி எடுத்து வைத்தாள். அவன் தலையை லேசாக அசைத்தான், வேண்டாம் என்று. அவள் அங்கேயே நின்றாள்.

அவன் பேனாவை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக, தன் பெயரை முழுதும் எழுதினான்.